நான்காவது வாரத்துக்கு முன்னால் பேசியவர்

ஏழுமலை சார் இறந்த செய்தி திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எனக்கு வந்தது. கல்லூரி முடிந்து விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்தேன். அழைத்தது அவருடைய தங்கை சுகந்தி.

"மேடம், அண்ணன் பூட்டாரு."

"எப்பம்மா?"

"இப்பதான். மிஷின்ல ரத்தம் சுத்திக்கினு இருந்தப்பவே. தூங்கறாருன்னு நெனச்சிக்கினு பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன்."

அவள் அழவில்லை. என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வண்டி வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல ஆண்டுகள் நானும் அவரும் சேர்ந்து போய்வந்த வழி. அந்தக் கூட்டத்தில் அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையே நான் திருப்பிச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத சிலவும் இதில் இருக்கின்றன. அவற்றை எழுதலாம் என்று சுகந்தி சொன்ன பிறகே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தமிழ். இருவருக்கும் விழுப்புரத்தில் ஜாகை. அவர் சேர்ந்த புதிதில், இரு கால்களிலும் இரும்புச் சட்டமும் கையில் ஊன்றுகோலுமாகப் பேருந்தில் ஏறியவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தேன். எல்லாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "போலியோவா சார்?"

"இல்ல மேடம். போலியோவா இருந்தா, சொட்டு மருந்து போடலன்னு எங்கம்மாவத் திட்டிட்டுப் போயிடலாம். இது, நான் வயித்துல இருக்கறதே அம்மாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நடந்துபோச்சி."

பிறகு மடியில் கைக்குட்டையை விரித்து விளக்கினார். கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அது ஒரு தட்டையான தகடு. அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு பட்டை தடிக்கிறது. பட்டையின் இரு ஓரங்களும் மேலே எழும்புகின்றன. நடுவில் பள்ளம். எழும்பிய ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, பிடரி இருக்கப்போகும் இடத்தில் முதலில் தொட்டுக்கொள்கின்றன. அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போய் ஒரு குழாய் ஆகிறது. மூளை, முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பு எல்லாம் அந்தக் குழாயிலிருந்துதான். இரண்டு முனைகளும் கடைசியில் மூடும்.

கைக்குட்டையின் ஓரங்களைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மேல் முனை மூடலன்னா மூளை இல்ல. கீழ் முனை மூடலன்னா, நான். இவ்ளோதான் மேடம் என் கதை. நாலாவது வாரம் முடியறதுக்குள்ள முடிஞ்ச கதை. அந்த நேரத்துல அம்மாவா ஆவப்போற பொண்ணு, நாள் தள்ளிப்போச்சா இல்லயான்னு விரல் விட்டு எண்ணிக்கினு இருக்கும்."

அவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். பிறக்கும்போது இடுப்புக்கு மேலே ஒரு நீர்ப்பை போலப் புடைத்திருந்ததாம். அறுவை செய்து மூடினார்கள். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிறுநீர் தானாகப் போகாது. வேளை தவறாமல் சின்ன ரப்பர் குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டும். வகுப்பு நடுவில் அவர் எழுந்து போனதெல்லாம் இதற்குத்தான். சில மாணவர்கள் அதைக் கேலி செய்தது அவர் காதுக்கும் வந்தது. அடுத்த வகுப்பில் ரப்பர் குழாயைக் கையில் எடுத்துக் காட்டி, எதற்கு, எப்படி என்று பாடமாகவே நடத்திவிட்டார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துப் பேசவும் கொஞ்ச நாள் கூச்சப்பட்டார்கள்.

கூட்டேரிப்பட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு வீட்டிலிருந்து, சேவல் கூடிய முட்டைகளைச் செய்முறை வகுப்புக்கு வாங்குவார். கூடையில் உமி கொட்டி, முட்டைகளை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வருவார். ஒரு நாள் நடத்துனர் கேட்டார்.

"இன்னா சார், காலேஜ்ல ஆம்லெட் கடை போட்டுக்கினு இருக்கீங்களா?"

"ஆமாங்க. ஆனா பாதி வெந்ததுலயே நிறுத்திடுவோம்."

அன்று என்னையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். ஒரு நாளுக்கு மேல் சூட்டில் இருந்த முட்டை. ஓட்டை வட்டமாக நறுக்கி, மஞ்சள் கருவின் மேலிருந்த ஒரு சிறு வெளுப்பைப் பக்குவமாக எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புநீரில் மிதக்கவிட்டார். நுண்ணோக்கியில் குனிந்தேன். கண்ணாடி போன்ற ஒரு துணுக்கு. அதன் நீளத்துக்கு இரண்டு கரைகள். நடுப்பகுதியில் கரைகள் ஒட்டியிருந்தன. தலைப்பக்கம் இன்னும் வாய் பிளந்திருந்தது. அங்கே கரைகள் தொட்டுக்கொள்ள ஒரு மயிரிழைதான் பாக்கி.

"இன்னும் கொஞ்ச நேரத்துல இது மூடிடுமா சார்?"

"மூடியிருக்கும் மேடம். நாம எடுத்துட்டோமே."

"உங்களுக்குப் பாவமா இருக்காதா?"

"இருக்கும். மூடிக்கினு பொறந்திருந்தா குழம்புக்குப் போயிருக்கும், அதுவும் பாவந்தான்." சிரித்தார். பிறகு நுண்ணோக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவரைத் தொந்தரவு செய்யாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஃபோலிக் ஆசிட் என்ற சின்ன மாத்திரையைக் கரு உண்டாவதற்கு முன்பிருந்தே பெண் சாப்பிட்டுவந்தால், இந்தக் குறை பெரும்பாலும் வராமல் தடுக்கலாம். இது எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த விஷயம். 'முன்பிருந்தே' என்ற சொல்தான் அவர் வாழ்க்கையைத் தின்றது.

மயிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாணவர் முகாம் நடந்தபோது, பெண்களிடம் பேச வாய்ப்புக் கேட்டு வாங்கினார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று என்னிடம் கேட்டார். 'நரம்புக்குழாய்' என்றேன். நூறுநாள் வேலை முடித்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் அதைச் சொன்னதும் ஒருவர், "எந்தக் கொழாய் சார்? டேங்க் கொழாயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். பிறகு விடாமல் பேசினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கும் முன்பே நிலத்தைத் தயார் செய்வதில்லையா, அது மாதிரி என்றார்.

நடுவயதுப் பெண் ஒருவர் கேட்டார். "மாசம் தள்ளிப்போனா நர்ஸம்மா மாத்திரை குடுக்கறாங்களே சார்?"

"அப்ப குடுத்தா லேட்டும்மா."

"இன்னா சார் லேட்டு? புள்ள பொறக்க இன்னும் அவ்ளோ மாசம் கீதே."

"அதுக்குள்ள முதுகும் மூளையும் மூடி முடிஞ்சிடும்மா."

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்குப் புள்ளைக்கான மாத்திரை குடுத்தா, ஊர்ல இன்னா பேசுவாங்க? நீங்களே சொல்லுங்க."

சார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு விடைபெற்றார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார். "அந்தம்மா சொன்னது சரிதான் மேடம். அந்த மூணு வாரத்துல புள்ளைன்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்காக யாரு ஊர் வாயில விழுவாங்க?"

ஆனாலும் விடவில்லை. மாணவியர் திருமணப் பத்திரிகை கொடுத்தால் பரிசுப் பொட்டலத்துக்குள் அந்த மாத்திரை அட்டைகளையும் வைத்துக் கொடுப்பார். ஆசிரியர் அறையில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. யாராவது அதைச் சாப்பிட்டார்களா என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாது மேடம். நல்லபடியா மூடிக்கினது யாருக்குத் தெரியும்? அதுக்கு நன்றின்னு யாரு வந்து சொல்லுவாங்க?" என்றார்.

இனிச் சுகந்தியைப் பற்றி.

அவருக்கு அடுத்துப் பிறந்தவள். குறை எதுவும் இல்லை. ஆனால் உடன்பிறந்தவருக்கு இப்படி இருந்தால், அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வர மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. முதல் வரன் வந்து பெண் பார்த்துப் பேச்சு முடிந்த அன்றே, மாப்பிள்ளையின் அம்மாவிடம் இவர் நேரே போய்ச் சொல்லிவிட்டார். இதில் பயப்பட ஒன்றுமில்லை, கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதும், மருத்துவரிடம் நானே அழைத்துப்போகிறேன் என்றார். அவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள். பெண் வீட்டில் வியாதி ஓடுகிறது, வேண்டாம் என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள்.

அவருடைய அப்பா அதன்பிறகு அவரிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான் என்று சார் சொன்னார். "உன்னத் தூக்கிக்கினு அலைஞ்சது போதாதாடா, அவளையும் வூட்லயே குந்தவைக்கப் பாக்கறியா?"

இரண்டாவது வரன் திண்டிவனத்தில் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்த ஒருவர். இந்த முறை அண்ணன் வெளியூரில் வேலை என்று மட்டும் பெற்றோர் சொன்னார்கள். கல்யாணத்துக்கும் வர வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டார்கள். முகூர்த்தத்தன்று அவர் கல்லூரிக்கு வந்து, வழக்கம்போல் வகுப்பெடுத்தார். எனக்கு எதுவும் தெரியாது. மாலை வண்டியில், "இன்னிக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம் மேடம்" என்றார். "மாப்பிள்ளை எப்படி சார்?" என்றேன். "போட்டோ பாத்தேன். நல்ல மாதிரிதான் தெரியறாரு" என்றார். வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டும்வரை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாமல் சுகந்தியிடம் மாத்திரை அட்டைகளைக் கொடுத்திருந்தார். அவளும் வாங்கிக்கொண்டுபோய்ப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

அவள் கர்ப்பமாகி ஐந்தாம் மாதம் இருக்கும். ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பெண்துணைக்கு நீங்கள் வர முடியுமா என்று சார் கேட்டார். கல்லூரியில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திண்டிவனத்தில் ஒரு சிறிய ஸ்கேன் நிலையம். சுகந்தி, கல்யாணத்துக்குப் பிறகுதான் சாரை நேரில் பார்த்திருந்த அவள் கணவர், சார், நான். மருத்துவர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். சுவரிலிருந்த திரையில் குழந்தையின் முதுகு ஒரு மணிமாலையைப் போலத் தெரிந்தது. இதயம் துடித்தது. சுகந்தி என் கையைப் பிடித்துச் சிரித்தாள். மருத்துவர் கருவியைத் தலைப்பக்கம் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பார்த்தார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து பார்வையை எடுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவர் நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். கண்ணுக்கு மேலே மண்டையோடு உருவாகவில்லை, மூளையும் உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது. கணவர் கேட்டார், "ஆபரேஷன் பண்ணி எடுத்து வைக்க முடியாதா டாக்டர்?" எதை எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. "ஆனா கால ஒதைக்குதே டாக்டர்" என்றாள் சுகந்தி. மருத்துவர் அவள் வயிற்றைத் துடைத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீ குடுத்த மாத்திரைய எங்க அத்த பாத்துட்டாங்க. புள்ள தங்காம இருக்கறதுக்குத் தின்றேன்னு நெனச்சிக்கினு சாக்கடையில போட்டுட்டாங்க. நானும் சண்ட வேணாம்னு உட்டுட்டேன். போட்டுக்கினு இருந்தா இப்படி ஆயிருக்காதா?"

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இல்லம்மா. போட்டாலும் செலருக்கு வருது. உன்னால இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

அவள் அழ ஆரம்பித்தாள். பிறகு நானும் அவரும் தேநீர் வாங்கிவரப் போனபோது சொன்னார். "சொன்னது பொய் இல்ல மேடம். போட்டாலும் செலருக்கு வரத்தான் செய்யுது. ஆனா அது அவ கேட்டதுக்குப் பதிலும் இல்ல." தேநீரை நான்தான் எடுத்துவந்தேன்.

கர்ப்பத்தைக் கலைத்தார்கள். மருத்துவமனை நடையில் மாமியார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "ஒடம்பு சரியில்லாத ஆளு கல்யாணத்துக்கு முன்னாடியே, பொறக்கற புள்ளைக்குக் கொறை வரும்னு வாய வெச்சிக்கினு இருந்தாராம். எங்களுக்கு யாரும் சொல்லல. அந்த வாய்தான் வந்து பலிச்சிது." சார் அங்கேதான் நின்றிருந்தார். இனி ஒரு குழந்தைக்கு முன்பாவது அவளை மருத்துவரிடம் காட்டி மாத்திரை கொடுங்கள் என்று கணவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் சரி என்றார். ஆனால் சுகந்தியை அவர்கள் திரும்ப அழைக்கவே இல்லை. அவளுடைய துணிமணிகள் ஒரு சரக்கு ஆட்டோவில் ஊருக்கு வந்து சேர்ந்தன.

அதன்பிறகு சார் பழையபடி இல்லை. பாடத்திட்டம் மாறி, முட்டைச் செய்முறை நின்று, கணினியில் படம் காட்டினால் போதும் என்றானது. அவர் அதை எதிர்த்து வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். வாதாடவில்லை. பரிசுப் பொட்டலங்களும் நின்றன. ஒருமுறை கேட்டதற்கு, "நான் குடுத்தா வெஷம் மாதிரி பாக்கறாங்க மேடம். வேற யாராவது குடுத்தா தின்னுவாங்க" என்றார். வேறு யாரும் கொடுக்கவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. பிறந்தது முதல் சிறுநீர் தேங்கித் தேங்கி, காய்ச்சல் வந்து வந்து, வடுவாகிப்போயிருந்தன. அதுவும் அந்த மூடாத முனையின் வேலைதான் என்று அவரே சொன்னார். விழுப்புரத்தில் டயாலிசிஸ் தொடங்கியபோது, சுகந்தி ஊரிலிருந்து வந்து அவரோடு தங்கினாள். அப்பா தடுத்தும் கேட்கவில்லையாம். அண்ணனுக்குக் கஞ்சி வைப்பதும் குழாய்களைக் கொதிநீரில் போடுவதும் அவள் வேலையானது. இருவரும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை என்றாள்.

கடைசியாக நான் பார்த்தபோது, கைகள் வீங்கி முகம் கறுத்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிடும். "தைரியமா இருங்க சார், எத்தனையோ பாத்துட்டீங்க" என்று வழக்கமானதைச் சொன்னேன்.

"தைரியத்த வச்சிக்கினு இன்னா மேடம் பண்றது?" என்றார். பிறகு, "என்னப் பத்தி எழுதுவீங்க. தெரியும். நோயோட போராடினாருன்னு மட்டும் எழுதாதீங்க. போராடறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்திச்சி" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

தென்பெண்ணையின் கரையோரம் அடக்கம் நடந்தது. அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போய்க் கைகூப்பினேன். "பொறந்த அன்னிக்கே போயிருந்தான்னா இவ்ளோ கஷ்டம் பட்டிருக்க மாட்டான்மா" என்றார். அதில் கோபம் இல்லை. தகப்பனுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த சுகந்தி, "அண்ணன் இருந்திச்சேப்பா. இவ்ளோ நாளு இருந்திச்சே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, சும்மா ஆட்டினாரா, தெரியவில்லை. கால் சட்டங்களை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். குழியிலேயே வைத்துவிட்டார்கள்.

திரும்பும் வண்டியில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்தாள். கழுத்தில் மஞ்சள் இன்னும் மங்காத தாலிக்கயிறு. முன்னிருக்கையில் மாமியார். கோயிலுக்குப் போய் வருகிறார்கள் போலிருந்தது. இரண்டு நிறுத்தம்வரை சும்மா இருந்தேன். பிறகு, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஆஸ்பத்திரியில் கேட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிச் சாப்பிடம்மா, மாதம் தள்ளிப்போகும்வரை காத்திருக்காதே என்றேன். அவள் திகைத்து முன்னிருக்கையைப் பார்த்தாள். மாமியார் திரும்பினார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லங்க. தமிழ் டீச்சர்."

"கல்யாணம் ஆயி ஒரு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள எதுக்கு மாத்திரை கீத்திரைன்னு அபசகுனமா பேசிக்கினு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இடம் காலியானதும் மாமியார் அவளைத் தன் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டார்.

ஏழுமலை சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: கேட்காதவர்களிடம், கேட்க விரும்பாத நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிடுகிற இந்த வாய். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை கடைசியில் அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை. இருந்தாலும் நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.